புகையில்லா ஊர்தியும் என் தந்தையின் மூன்று கேள்விகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவன்)

சென்ற கல்வியாண்டில் நம் கல்லூரி வேதியியல் மன்றத்தின் சார்பில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. ‘நாளைய ஊர்திகளை ஓட்டப்போவது ஹைட்ரஜனே! மின்கலமே!’ என்பது தலைப்பு. நான் ஹைட்ரஜன் அணியில் பேசினேன். நடுவராக வீற்றிருந்த பேராசிரியர் எங்கள் அணிக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தார். கைதட்டலும் கிடைத்தது, ஓர் எவர்சில்வர் தட்டும் கிடைத்தது. தலைகால் புரியாத மகிழ்ச்சியோடு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். நாமக்கல்லிலிருந்து நாகபுரி வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரம் ஏற்றிச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. அன்று அவரும் நடை முடித்து வந்திருந்தார். மேடையில் பேசியதையெல்லாம் அவரிடமும் பேசிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டார்.

“ஏந் தம்பி, அந்த வண்டியில லோடு எத்தன டன்னு ஏத்தலாம்? டேங்கு ரொப்ப எத்தன நேரம் நிக்கோணும்? பொக நெசமாவே போயிருமா, இல்ல வேற எங்கயாச்சும் போயி நிக்குமா?”

மேடையில் வென்ற என்னால் திண்ணையில் விடை சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாத விடையைத் தேடியதே இக்கட்டுரை. தேடத் தேட, நான் பரிசு வாங்கிய வாதத்தில் பாதி தவறு என்று தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

எரியாமல் எரியும் விந்தை

நீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரியும் என்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். இச்செயலைத் திருப்பிப் போட்டால் என்ன? ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கூட்டி மின்சாரம் பெறலாம் அல்லவா? 1839ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்ற பிரிட்டானிய அறிஞர் அதைச் செய்து காட்டினார். அதுவே எரிபொருள் மின்கலத்தின் பிறப்பு.

ஒருபுறம் ஹைட்ரஜன் வருகிறது. பிளாட்டினம் போன்ற வினையூக்கியின் மேல் அது தன் எலக்ட்ரானை இழக்கிறது. எஞ்சிய புரோட்டான் நடுவிலுள்ள சவ்வின் வழியே மறுபுறம் செல்கிறது. எலக்ட்ரானோ சவ்வைக் கடக்க முடியாமல் வெளிக்கம்பியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சுற்றுப் பயணமே மின்சாரம். மறுபுறத்தில் இரண்டும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி நீராகின்றன. சுடரும் இல்லை, கரியும் இல்லை. மனிதன் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களில் மின்சாரம் தந்தவை இத்தகைய மின்கலங்களே. அவை தந்த நீரையே விண்வெளி வீரர்கள் பருகினார்கள். நம் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் 2024 ஜனவரியில் ஓர் எரிபொருள் மின்கலத்தை விண்ணில் சோதித்து வெற்றி கண்டது.

மின்கலத்தின் வரலாறும் பெருமையில் குறைந்ததன்று. 1800இல் வோல்ட்டா தம் மின்னடுக்கை அறிவித்தார். 1859இல் பிளாண்டே ஈயச் சேமக்கலத்தை அமைத்தார். நம் லாரிகளை இன்றும் கிளப்பிவிடுவது அதன் வழித்தோன்றலே. 1991இல் லித்தியம் அயனி மின்கலம் சந்தைக்கு வந்தது. அதற்கு வழிகோலிய விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரு கலங்களுக்கும் வேறுபாடு எளியது. மின்கலம் தன் எரிபொருளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. எரிபொருள் மின்கலமோ வெளியிலிருந்து ஊட்ட ஊட்ட உண்கிறது. மற்ற எல்லா வேறுபாடும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதற் கேள்வி: பாரம்

நாற்பது டன் எடையுள்ள ஒரு கனரக லாரி 500 கிலோமீட்டர் ஓடவேண்டும் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 யூனிட் வீதம் 650 யூனிட் மின்சாரம் தேவை. இன்றைய லித்தியம் மின்கலப் பெட்டி கிலோவுக்கு 0.16 யூனிட் அளவே தாங்கும். எனவே மின்கலத்தின் எடை மட்டும் நான்கு டன்! டீசல் எஞ்சினையும் கியர் பெட்டியையும் கழற்றுவதால் ஒரு டன் அளவு குறையலாம். எஞ்சிய மூன்று டன்னும் வாடகைப் பாரத்தில் கைவைக்கும்.

ஹைட்ரஜனைப் பாருங்கள். ஒரு கிலோவில் 33 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதே தூரத்துக்கு 45 கிலோ போதும். ஆயினும் அது வாயு. 700 மடங்கு வளியழுத்தத்தில் அடைத்தால்தான் வண்டியில் இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் உருளைகளின் எடை முக்கால் டன்னுக்கு மேல் ஆகும். அப்படியும் மின்கலத்தைவிட மிகக் குறைவே. முதற் கேள்வியில் என் பட்டிமன்ற அணி வென்றது.

இரண்டாம் கேள்வி: நிற்கும் நேரம்

ஹைட்ரஜன் நிரப்பக் கால்மணி, இருபது நிமிடம் போதும். 650 யூனிட் மின்கலத்தை 240 கிலோவாட் மின்னேற்றியில் நிரப்பினாலும் மூன்று மணி நேரம் ஆகிவிடும். ‘இங்கும் ஹைட்ரஜனுக்கே வெற்றி’ என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் என் தந்தை இந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று எண்ணிப் பார்த்தேன்.

அவருக்கு நடைக்குத்தான் கூலி, நடைக்குத்தான் பேட்டா. நிற்கும் நேரத்துக்கு ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் நின்றால் அந்த மூன்று மணி நேரத்தை அவர் தம் தூக்கத்திலிருந்து ஈடு செய்யவேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஐந்து மணி நேரம் உழைத்தவருக்குக் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தரவேண்டும் என்றது. அந்த ஓய்வு ஏட்டில் இருந்தது. நெடுஞ்சாலையில் என் தந்தை அதைக் கண்டதில்லை. மின்னேற்றும் நேரத்தைக் கூலியோடு கூடிய ஓய்வாக ஆக்கினால், மின்கல லாரி அவருக்கு வரமாகும். ஆக்காவிட்டால் சாபமாகும். ஆக, நிற்கும் நேரம் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது எந்திரம் அன்று, கூலி முறையே!

மூன்றாம் கேள்வி: புகை எங்கே போகிறது?

இதுவே என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஹைட்ரஜன் பூமியைத் தோண்டியதும் வேண்டிய அளவு கிடைக்கும் பொருளன்று. செய்து எடுக்கவேண்டிய பொருள். இன்று உலகில் ஆண்டுதோறும் ஆக்கப்படும் ஒன்பது கோடி டன்னுக்கு மேற்பட்ட ஹைட்ரஜனில் மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளிப்படும்.

நீரைப் பகுத்து எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், கிலோவுக்கு ஏறத்தாழ 55 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் லாரியின் 45 கிலோவுக்கு ஏறத்தாழ 2,500 யூனிட். அதே லாரி மின்கலத்தில் ஓடினால், மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 740 யூனிட் போதும். அதாவது, ஒரே தூரத்துக்கு ஹைட்ரஜன் மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் உண்கிறது. நீரைப் பிளப்பதில் ஓர் இழப்பு, அழுத்தி அடைப்பதில் ஓர் இழப்பு, மீண்டும் மின்சாரமாக்குவதில் ஓர் இழப்பு. கை மாறும் இடந்தோறும் தரகு கொடுக்கும் சரக்கைப் போன்றது இது.

இனி அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. எல்லா வகை மின்சாரத்தையும் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவு கரியமில வாயு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 கிலோமீட்டருக்கு 150 லிட்டர் டீசல் எரிக்கும் லாரி, லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 400 கிலோ கரியமில வாயுவைக் கக்குகிறது. மின்கல லாரிக்கு இன்றைய மின்சாரத்தில் 520 கிலோ. ஹைட்ரஜன் லாரிக்கு 1,750 கிலோ!

இந்தக் கணக்கை நான் மூன்று முறை சரிபார்த்தேன். எண்கள் வண்டிக்கு வண்டி சற்று மாறலாம், வரிசை மாறாது. ‘புகையில்லா ஊர்தி’ என்று பெயர் எழுதிய வண்டியின் புகை, அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. வடசென்னையிலும் மேட்டூரிலும் அந்தப் புகைபோக்கிகளின் நிழலில் வாழ்வோரும் நம்மைப் போன்ற மனிதர்கள்தாமே?

அப்படியானால் என்ன செய்வது?

‘பழைய டீசலே போதும்’ என்று சொல்ல நான் வரவில்லை. டீசல் லாரி இன்னும் இருபது ஆண்டு ஓடினாலும் இதே புகையைத்தான் கக்கும். மின்சாரத்தில் ஓடும் வண்டியோ, மின்சாரம் தூய்மையாக ஆக ஆகத் தானும் தூய்மையாகும். எனவே தூய மின்சாரமே முதற்படி. ஊர்தி இரண்டாம் படி. படியை மாற்றி ஏறினால் காலிடறும்.

ஊர்திகளையும் பணிக்கேற்பப் பிரிக்கவேண்டும் என்பது என் துணிபு. நகரப் பேருந்து, ஆட்டோ, இருசக்கர வண்டி ஆகியவை நாள்தோறும் குறைந்த தூரம் ஓடி இரவில் கூடு திரும்புபவை. அடிக்கடி நின்று புறப்படுபவை. நிறுத்தும்போது வீணாகும் ஆற்றலை மின்கலம் திரும்ப வாங்கிக்கொள்ளும். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் தன் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகளையும் மின்கலத்துக்கு மாற்றிக் காட்டியது. சென்னையிலும் 2025 ஜூன் இறுதியில் 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. புகை தெருவில் குழந்தைகளின் மூக்கருகே வெளிப்படாமல் போவதும் ஒரு பெரும் பேறே. இங்கு ஹைட்ரஜனுக்கு வேலையில்லை.

ரயிலுக்கோ கம்பியே போதும். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜனால் இயங்கும் ரயில் பெட்டி சோதிக்கப்பட்ட செய்தி கேட்டு நானும் பூரித்தேன். நம் பொறியாளர்களின் திறமைக்கு அது சான்று. ஆயினும் நம் அகலப் பாதைகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் மின்கம்பி வந்துவிட்டதே! ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் 2018இல் உலகுக்கு முன்மாதிரியாக ஹைட்ரஜன் ரயிலை ஓட்டியது. அதே மாநிலம் 2023இல், இனி வாங்குவது மின்கல ரயில்களே என்று முடிவெடுத்தது. அனுபவம் கற்பித்த பாடம் அது.

பிறகு ஹைட்ரஜனுக்கு எங்கே இடம்? உரத் தொழிற்சாலையில்! எண்ணெய்ச் சுத்திகரிப்பில்! இரும்பு உருக்குவதில்! முதல் இரண்டு இடங்களிலும் இன்றே ஹைட்ரஜன் பெருமளவில் பயன்படுகிறது. அது கரியமில வாயுவைக் கக்கிப் பிறந்த ஹைட்ரஜன். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் ஆக்குவதைக் குறிக்கோளாகக் கொண்டிருக்கிறது. அந்தத் தூய ஹைட்ரஜன் முதலில் வயலுக்குப் போகும் உரத்தில் சேரட்டும். அடுத்துக் கப்பலுக்கும், மின்கலம் தாங்காத நெடுந்தூரக் கனரக லாரிக்கும் போகட்டும். காருக்கும் ஸ்கூட்டருக்கும் அதை ஊற்றுவது பன்னீரால் தெரு கழுவுவது போன்றது.

நம் தமிழகத்துக்கு இதில் தனி வாய்ப்பு உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழியிலும் உடுமலையிலும் அந்தக் காற்றைப் பிடித்து மின்சாரமாக்குகிறோம். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நம்மிடம் உள்ளன. காற்று மிகுந்த நாட்களில் வாங்க ஆளின்றிச் சில காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்கிறது. அந்த வீணாகும் மின்சாரத்தில் நீரைப் பிளந்தால், மூன்று மடங்கு செலவு என்ற குறையும் பெரிதாகத் தெரியாது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மின்வேதியியலைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யும் நாம், அங்கு சென்று பணிபுரியும் நாளை ஏன் கனவு காணக்கூடாது? நம் துறை ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கொரு முறையேனும் எங்களை அங்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று இம்மலர் வாயிலாகப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நாமக்கல் பட்டறைகளை நினைத்தால்தான் நெஞ்சம் கனக்கிறது. டீசல் பம்பு பழுது பார்ப்பவரும், ரேடியேட்டர் அடைப்பவரும், எஞ்சின் இறக்கி ஏற்றுபவரும் ஆயிரக்கணக்கில் அங்கு உழைக்கிறார்கள். மின்கல வண்டியில் டீசல் பம்பும் இல்லை, எஞ்சினும் இல்லை. அவர்களுக்கு இன்றே புதுத்தொழில் கற்றுக்கொடுக்காமல் வண்டியை மட்டும் மாற்றினால், புகையோடு அடுப்பும் அணைந்துபோகும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் சென்ற பொங்கல் விடுமுறையில் என் தந்தையிடம் விளக்கினேன். பட்டிமன்றத்தில் நான் பேசியதில் பாதி தவறு என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். “கணக்கு செரியாத்தான் இருக்குது தம்பி. நிக்கற நேரத்துக்குக் கூலி உண்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றார்.

மாணவத் தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை என் வேதியியல் நூலில் இல்லை. பொருளாதாரம் படிப்பவர்களும், வரலாறு படிப்பவர்களும், நாளை அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஆகப்போகும் நீங்களும் சேர்ந்து சொல்லவேண்டிய விடை அது. புகையை ஒழிக்கும் பணியை விஞ்ஞானம் செய்யட்டும். அந்த வண்டியை ஓட்டுபவன் கண்ணயர ஒரு மணி நேரம் கிடைக்கச் செய்யும் பணி நம் எல்லோருக்கும் உரியது.