பழி டீசலுக்கு, செலவு லொறிக்காரருக்கு

சுன்னாகம் சந்தையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் ஒருவர், எனக்குத் தூரத்து உறவினர், சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதத்துடன் வீட்டுக்கு வந்தார். “அண்ணை, நீங்கள் பேப்பரிலை இருந்த ஆள். இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தம் எட்டு வரிகள். அவற்றில் பெரும்பகுதி மரியாதையும் நன்றியும். விடயம் ஒரேயொரு வாக்கியத்தில் இருந்தது: தரங்குறைந்த எரிபொருளைப் பாவித்ததால் ஏற்பட்ட பழுது உத்தரவாதத்தின் கீழ் அடங்காது.

அந்த ஒரு வாக்கியத்தின் பெறுமதி ஒரு எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது தன் பழைய லொறியை மாற்ற நினைத்திருந்தவர், ஐந்து ஆண்டுகள் காத்திருந்து 2025இல் புதிய லொறியை எடுத்தார். பாதிப் பணம் மனைவியின் நகை, மீதி லீசிங். ஒன்பதாம் மாதம் மதவாச்சிக்கு அப்பால், இரவு ஒரு மணிக்கு, வெள்ளைப் புகை தள்ளி எஞ்சின் நின்றுவிட்டது. பீற்றூட்டும் வெங்காயமும் இன்னொரு லொறிக்கு மாறின. அவருடைய லொறி கட்டியிழுக்கப்பட்டு முகவரின் கொழும்புப் பட்டறைக்குப் போயிற்று. இவருக்கு அழைப்பு வந்தபோது எஞ்சின் ஏற்கெனவே கழற்றிப் பரப்பப்பட்டிருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உருகித் துளைபட்டிருந்ததைக் காட்டினார்கள். “உங்கடை பக்கம் டீசலுக்கை மண்ணெண்ணெய் கலக்கிறவையள்தானே” என்று அங்கிருந்த தமிழ் உத்தியோகத்தரே சொன்னாராம். சில நாட்களில் கடிதம் வந்தது.

அவருடைய பெயரையோ முகவரின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் முற்றாக முடியவில்லை. தவிரவும் இது ஒரு முகவரின் குணக்கேடு பற்றிய கதையல்ல. ஒரு பழக்கம் பற்றிய கதை.

முதலில் முகவருக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கெட்ட எரிபொருளால் இன்றைய டீசல் எஞ்சின் கெடும் என்பது பொய்யல்ல. பழைய லொறிகளின் இன்ஜெக்டர் இருநூறு ‘பார்’ அளவு அழுத்தத்தில் டீசலைப் பீச்சியது. இன்றைய ‘கொமன் ரெயில்’ எஞ்சின்களில் அது 1500 பாரையும் தாண்டும். பாகங்களுக்கிடையிலான இடைவெளி மைக்ரோன் கணக்கில் இருக்கிறது. பம்பையும் இன்ஜெக்டரையும் வழுக்கி ஓடச் செய்வதே டீசல்தான். அதில் நீர் சேர்ந்தால் துரு. மண்ணெண்ணெய் சேர்ந்தால் வழுக்குத்தன்மை குறைந்து தேய்மானம். கலப்படத்துக்கு ஆசை காட்டிய காலமும் நம் நாட்டில் இருந்தது. 2022 ஓகஸ்ட் மாதம் வரை ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபா, டீசல் 430 ரூபா. அந்த மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை, எத்தனை பஸ்களும் லொறிகளும் எதைக் குடித்து ஓடின என்பது ஓட்டியவர்களுக்கே வெளிச்சம்.

ஆனால் ‘கெடக்கூடும்’ என்பதற்கும் ‘இந்த எஞ்சின் அதனால்தான் கெட்டது’ என்பதற்கும் இடையில் ஒரு பரிசோதனை இருக்கிறது. தாங்கியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். இரு தரப்பின் முன்னிலையிலும் போத்தலில் அடைத்து முத்திரையிட வேண்டும். சுயாதீன ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் கணினியில் பதிவான தரவைப் பிரதியெடுத்துக் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. கடிதத்துடன் அறிக்கை எதுவும் இணைக்கப்படவில்லை. கேட்டபோது, தாங்கியைக் கழுவிவிட்டதாகப் பதில் வந்தது.

நான் எஞ்சின் அறிந்தவன் அல்லன். ஆகவே கழற்றிய பாகங்களை அவர் கைத்தொலைபேசியில் எடுத்திருந்த படங்களுடன், கொக்குவிலில் நாற்பது வருடமாகக் கராஜ் நடத்தும் ஒரு முதியவரிடம் போனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: “தம்பி, எண்ணெய் நாலு சிலிண்டருக்கும் ஒரே தாங்கியிலையிருந்துதானே போகுது? அப்ப மூண்டாவது மட்டும் ஏன் எரிஞ்சது?”

இந்தக் கேள்விதான் இந்த வழக்கின் உயிர். கெட்ட டீசல் வந்திருந்தால் உயரழுத்தப் பம்பிலும் நான்கு இன்ஜெக்டர்களிலும் அதன் அடையாளம் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். ஏனைய மூன்றும் சுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் மூட மறுத்து டீசலை இடையறாது ஒழுகவிட்டிருந்தால், அந்த இன்ஜெக்டரே பிறவிக் குறையுடையதாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் முதியவரும் சொன்னார். நான்கில் மிகப் பலவீனமானது முதலில் சாய்ந்திருக்கவும் கூடும். ஆனால் அதை விளக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? எஞ்சினை இழுத்துச் சென்று, தனியாகக் கழற்றி, தாங்கியைக் கழுவியவருக்கா, அல்லது சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றவருக்கா?

பட்டறையில் அந்த உத்தியோகத்தர் சொன்ன வார்த்தை என்னை வேறொரு காரணத்தாலும் தொந்தரவு செய்தது. யாழ்ப்பாணத்து வாகனம் மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை. 1990க்குப் பின் எரிபொருள் தடைக்காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. செய்தி சேகரிக்கப் போன பயணங்களில் பாதியை அந்தப் புகைக்குள்ளேயே செய்தேன். பிரசவ வலி கண்ட பெண்களை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அந்த வாகனங்கள்தாம். அன்று வேறு வழியின்றிச் செய்ததை இன்றைக்கு ஒரு சுன்னாகத்து லொறிக்கு எதிரான சாட்சியமாக ஏற்க முடியாது. ஊரின் பெயரை வைத்து எரிபொருளின் தரத்தை அளக்க எந்த ஆய்வுகூடத்திலும் கருவி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். லொறி என்ற சொல்லையே அறியாத காலத்துச் சட்டம்தான். எனினும், அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால் அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதை, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தின் பகுதியாக அது கொள்கிறது. இங்கே பொறுப்பாளி விற்றவர். கடல் கடந்திருக்கும் தொழிற்சாலையைக் கைகாட்டிவிட்டு அவர் ஒதுங்க முடியாது. பொறுப்பை விலக்கும் நிபந்தனைகள் நியாயமானவையா என்று பார்ப்பதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு சிறு வரி ஒளிந்திருக்கிறது. முறைப்பாடு, பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ உத்தரவாதம் தந்து விற்கும் பொருளுக்கு, முறையிடும் உரிமை மூன்று மாதம்! என் உறவினரின் லொறி நின்றது ஒன்பதாம் மாதத்தில். உத்தரவாதம் உயிருடன் இருக்க, அதைக் கேட்கும் கதவு ஆறு மாதம் முன்பே சாத்தப்பட்டுவிட்டது. கொழும்பில் சட்டத்தரணியை அமர்த்தக்கூடிய பெரிய கம்பெனிக்கு இது ஒரு தடையல்ல. எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள் உண்டு. மாவட்ட நீதிமன்று இருக்கிறது. மாதாமாதம் கட்டுக்காசு கட்டும் லொறிக்காரர் அந்தப் படியில் ஏறி எத்தனை தவணை நிற்பார்? உத்தரவாதம் மறுக்கப்பட்ட நாளிலிருந்தே அந்த மூன்று மாதத்தை எண்ண வேண்டும் என்று சட்டத்தைத் திருத்துவது பெரிய வேலையல்ல. ஒரு வரியை மாற்றினால் போதும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் பேசும் பெரிய விடயங்களுக்கிடையே இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

நாங்கள் வேறொரு வழியைப் பிடித்தோம். பட்டறையில் எஞ்சினைக் கழற்றிப் பரிசோதித்ததும் ஒரு சேவைதானே? அந்தச் சேவை உரிய கவனத்துடன் செய்யப்படவில்லை, சாட்சியம் அழிக்கப்பட்டது என்று, அந்தத் திகதியிலிருந்து மூன்று மாதத்தைக் கணக்கிட்டு முறைப்பாட்டை எழுதினோம். இது என் வாசிப்பு, சட்டத்தரணிகள் மறுக்கலாம்.

“லொறி வியாபாரத்துக்கு வாங்கியது, வியாபாரி பாவனையாளர் ஆவாரா?” என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்குள்ள சட்டம் வர்த்தக நோக்கில் வாங்குபவரை விலக்கி வைக்கிறது. கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்மனுதாரராக நின்ற லக்ஷ்மி எஞ்சினியரிங் வழக்கில், 1995இல், வயிற்றுப்பாட்டுக்காகத் தானே ஓட்டுவதற்கு லொறி வாங்குபவர் பாவனையாளரே என்று நீதிமன்றம் உதாரணம் காட்டியே சொன்னது. நமது 2003ஆம் ஆண்டுச் சட்டம் பணம் கொடுத்துப் பாவிப்பவர் எவரையும் உள்ளடக்கும் விதத்தில் இன்னும் அகலமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதே இந்திய உச்ச நீதிமன்றம், 2004இல் பிரீமியர் ஒட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் குறைபாடுடைய ஒரு டீசல் கார் பற்றிய வழக்கில், குறையை ஒப்புக்கொள்ளாமல் கடைசி வரை வழக்காடிய போக்கையே கண்டித்தது.

மறுப்பு என்பது பெரும்பாலும் பொறியியல் முடிவல்ல, கணக்கு முடிவு என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் உண்டு. போர்ட் நிறுவனம் தன் பெரிய பிக்கப் வாகனங்களில் நவிஸ்டார் செய்து கொடுத்த 6.0 லீற்றர் டீசல் எஞ்சினைப் பொருத்தியது. பழுதுகள் குவிந்தன. உத்தரவாதச் செலவு யாருடையது என்று 2007இல் போர்ட் வழக்குப் போட்டது, நவிஸ்டார் மறுத்தது, 2009இல் சமரசமானார்கள். தயாரித்தவரும் பொருத்தியவருமே செலவை மற்றவர் தலையில் கட்ட நீதிமன்று ஏறினார்கள் என்றால், இடையில் நிற்கும் முகவர் முதலில் யாரைப் பார்ப்பார்? எதிர்த்துக் கேட்க வசதியற்றவரைத்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இயங்குகிறது. ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தூரம் எஞ்சினைக் கொண்டுபோய், விற்றவருடைய பட்டறையிலேயே தீர்ப்பு வாங்குவதற்குப் பதிலாக, வடக்கிலேயே ஒரு நடுநிலைப் பரிசோதனைக்கு அந்தப் பீடமும் மாவட்டச் செயலகமும் ஏற்பாடு செய்தால் என்ன? கட்டணத்தைத் தோற்றவர் கட்டட்டும். லொறிச் சங்கங்கள் இதைக் கேட்கலாம். அதுவரை, லொறி நின்றவுடன் ஒரு சுத்தமான போத்தலில் தாங்கியின் டீசலை எடுத்து, திகதியிட்டு, இரண்டு பேர் கையெழுத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். நான் இல்லாமல் கழற்றக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். எரிபொருள் நிலையப் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த லொறிக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

முறைப்பாடு போன பின் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ‘நல்லெண்ண’ அடிப்படையில் பாகங்களை இலவசமாகத் தருவார்கள். கூலியையும் கட்டியிழுத்த செலவையும் இவர் ஏற்க வேண்டும். நான் வேண்டாம் என்றேன். இன்னும் நாலு மாதம் பொறுத்தால் முழுதும் வாங்கலாம் என்றேன். அவர் என் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். “அண்ணை, நாலு கட்டுக்காசு ஆர் கட்டுறது?” என்றார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

கையெழுத்திட அனுப்பிய பத்திரத்தில், பழுதுக்குக் காரணம் எரிபொருளே என்று தான் ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி இருந்தது. அதை மட்டும் பேனையால் வெட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். பத்திரத்தைத் திருப்பி அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. லொறி இன்னும் கொழும்பில்தான் நிற்கிறது.