செருப்புக் காணிக்கை சொல்லும் கதை

பாபநாசம் மலைமேல், காரையாற்றில் அமைந்துள்ளது சொரிமுத்து அய்யனார் திருக்கோயில். ஆடி அமாவாசையை ஒட்டித் தென்மாவட்டக் குடும்பங்கள் நாள்கணக்கில் அங்குத் தங்கி வழிபடுவதை அன்பர்கள் பலரும் அறிவீர்கள். அங்குள்ள பட்டவராயர் சந்நிதியில் பக்தர்கள் செலுத்தும் காணிக்கை, தோல் செருப்பு. கோயில் வாசலிலேயே நாம் கழற்றிவிடும் பொருள், தெய்வத்துக்கு உகந்ததானது எவ்வாறு?

விடை, முத்துப்பட்டன் கதையில் இருக்கிறது. அந்தணர் குலத்தில் பிறந்த பட்டன், அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் புதல்வியரான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விழைந்தான். பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருவதாகக் கூறினார் வாலப்பகடை. பட்டன் அவ்வாறே செய்து மணந்தான். பின்னர், பசுக்களைக் கவர வந்தவர்களோடு பொருது உயிர்நீத்தான். மனைவியர் இருவரும் அவனுடன் தீப்புகுந்தனர். அவனே பட்டவராயராக வழிபடப்படுகிறான்.

இக்கதையைக் காத்துவந்தது வில்லுப்பாட்டு. கொடை விழாவில் வில்லும் உடுக்கையும் குடமும் ஒலிக்க, புலவர் இரவெல்லாம் பாடுவார். எழுத்தறியாதவர்களும் அதைக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டனர். பேராசிரியர் நா. வானமாமலை 1971-இல் இதனை நூலாகப் பதிப்பித்தார்.

அப்பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்களே என்று சொல்லும் வடிவமும் ஒன்று உண்டு. குலம் கடந்த திருமணத்தை ஏற்க மனமில்லாதவர்கள், பெண்களின் குலத்தையே மாற்றிவிட்டனர். ஆனால் சந்நிதியில் இருக்கும் செருப்பை அவர்களால் மாற்ற இயலவில்லை.

இன்று கதைக்கு வந்திருக்கும் இடர் வேறு. வெளியூரிலிருந்து கொடைக்கு வருவோருக்கு இரண்டு நாளே விடுப்பு. பல ஊர்களில் வில்லுப்பாட்டைச் சுருக்கிவிட்டு, இன்னிசைக் கச்சேரிக்கு மேடையைத் தருகின்றனர். கதையை மாற்றிப் பாடினால், கேட்டவர் எழுந்து மறுக்கலாம். பாடாமலே விட்டால் மறுப்பதற்கும் ஆளிராது. காணிக்கை மட்டும் மிஞ்சும். அதன் பொருள் மறைந்துவிடும்.

தலைக்கட்டு வரி செலுத்தும் நமக்கு, விழாக் குழுவினரிடம் எடுத்துச் சொல்லும் உரிமை உண்டு. ஓர் இரவையேனும் முழுமையாக வில்லுக்கு ஒதுக்கச் சொல்வோம். பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்வோம். "சாமிக்கு எதற்குத் தாத்தா செருப்பு?" என்று அவர்கள் வினவினால், பட்டனின் குலத்தையும் பெண்களின் குலத்தையும் மறைக்காமல், கதையை உள்ளபடியே சொல்வோம்.