முப்பது நாள் மருத்துவம் யாருக்கு?

சட்டத் தொழில் புரிவோரின் மேசைக்கு முன் வந்தமர்வோர் வழக்கை மட்டும் கொண்டுவருவதில்லை. காணி உறுதி தேடி வருபவர், கடன்காரருக்கு விடைசொல்ல வகையறியாது வருபவர், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் கோப்பைச் சுமந்து வருபவர் என எத்தனையோ பேரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களுட் சிலர் தவணையன்று மன்றுக்கு வாரார். காரணம் கேட்டால் வீட்டார் தலைகுனிந்து, "ஒரே யோசினை ஐயா, மூன்று மாதமாய் அறையை விட்டு வெளிக்கிடுகிறாரில்லை, மருந்தும் எடுத்துப் பார்த்தாயிற்று" என்பர். மன்றில் அவர் பெயர் கூப்பிடப்படும், விடை இராது, வழக்குத் தள்ளுபடியாகும். ஊரோ "சோம்பேறி" என்றும் "விசர்" என்றும் தன் தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டிருக்கும்.

அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடே இக்கட்டுரை. மனச்சோர்வு ஒரு நோய். உட்கொண்ட மருந்துக்கு அது மாறாதுவிடின் நோயாளியின் மனவுறுதி குன்றிவிட்டது என்பது பொருளன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 4000 நோயாளரைச் சேர்த்து நடத்தப்பெற்று, 2006 இல் முடிவுகள் வெளிவந்த பேராய்வொன்றில், முதல் மருந்தினால் முற்றாகத் தேறியோர் ஏறக்குறைய மூவரில் ஒருவரே. இரு மருந்துகள் பயன் தராதபின் மூன்றாவதினால் தேறியோர் ஏழு பேரில் ஒருவர் அளவினரே. அக்கணக்கும் மிகைப்பட்டது என 2023 இல் மறுகணக்கிட்டோர் எழுதினர். ஆகவே இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம்வரை எடுத்தும் தேறாதவர் உலகெங்கும் பலர் உளர். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எவருக்கும் உரிமையில்லை.

எமது மண்ணில் இந்நோயின் பாரம் எத்தகையது? போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டிலேயே, யூலை முதல் செப்ரெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் 1500 க்கு மேற்பட்ட வீடுகளைத் தெரிந்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. வினவப்பட்டோருள் நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2011 இல் வெளியிட்டது. குறி கண்ட அனைவரும் கடும் நோயாளர் அல்லர். அவருட் பலர் காலத்தாலும் உறவாலும் தாமே தேறியிருப்பர். ஆயினும் தேறாது எஞ்சியோர் சிலராயினும் அவர் எம்மவர். அவர் பொறுப்பு எம்முடையது.

இத்தகையோருக்கென உலகம் இன்று கையாளும் முறைகளுள் ஒன்று காந்தத் தூண்டல் சிகிச்சை. மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று 1831 இல் பரடே கண்ட உண்மையே அதன் அடிப்படை. 1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கர் என்பவரும் அவர்தம் தோழரும், தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளினால் உள்ளிருக்கும் மூளையைத் தூண்டலாம் எனக் காட்டினர். மனச்சோர்வு நோயாளருக்கு அச்சுருளை இடப்புற முன்நெற்றிக்குச் சற்று மேலே வைத்து, விரைந்த காந்தத் துடிப்புக்களைச் செலுத்துவர். கத்தியில்லை, மயக்கமருந்தில்லை. நோயாளி விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருப்பார். 'டக் டக்' என்ற ஓசைக்காகக் காதடைப்பான் அணிவார். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குச் செல்வார். 2008 இல் அமெரிக்காவின் மருந்து ஆணையம் இதற்கு அனுமதி வழங்கிற்று. பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனத்திலும் இது கையாளப்படுகின்றது.

இதனை மந்திரமென்று நாம் விற்க வரவில்லை. எடுத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நற்பயன் காண்பர்; மூவரில் ஒருவர் அளவினர் முற்றாகத் தேறுவர்; மற்றையோர் வேறு வழி தேடவேண்டும். தலைவலியும் உச்சித்தோலில் வலியும் உண்டாகலாம். மிக அரிதாக வலிப்பும் வரலாம். உண்ணாது, பேசாது, உயிருக்கு ஆபத்தான நிலையிற் கிடப்பவருக்கு, மயக்கமருந்து கொடுத்து முறையாகச் செய்யப்படும் மின்னதிர்ச்சி சிகிச்சையே இன்றும் வலிமை மிக்கது. சினிமாப் படங்கள் ஊட்டிய அச்சத்தால் அதனைத் தள்ளிவைப்பதும் அறியாமையே.

எமது மண்ணுக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. தலையிலோ கழுத்திலோ காந்தம் கவரக்கூடிய உலோகம் உள்ளவருக்கு இச்சிகிச்சை ஆகாது. ஷெல் துண்டை உடலிற் சுமந்து வாழ்வோர் எத்தனை பேர் எம்மிடையே! அவர்களிடம் வாய்வழிக் கேள்வி போதாது. படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அதனைத் தமிழில், அவசரமின்றி, அச்சமூட்டாது கேட்கத்தக்கவர் அருகிலிருத்தல் வேண்டும். பொறியை விலைகொடுத்து வாங்கலாம். இத்தகைய மனிதரைப் பயிற்றித்தான் பெறமுடியும்.

இனி, எமது கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். இம்மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். மொத்தம் முப்பது நாள். பொறி கொழும்பிலோ சென்னையிலோ இருக்குமாயின் யார் அங்கு போவார்? ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து, ஆறு வாரம் வாடகை அறையில் தங்கி, துணைக்கு ஒருவரையும் வைத்திருக்க வல்லவர் போவார். மருதங்கேணியின் கடற்றொழிலாளி போவாரா? நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவான் வந்து பஸ் பிடிக்கவேண்டிய விதவைத் தாய் போவாளா? படுக்கையை விட்டெழுவதே மலையாக இருக்கும் நோயாளியை நாட்டின் மறுமுனைக்கு வா என்பது, வராதே என்பதற்கு ஒப்பாகும். வைத்தியம் இலவசம் என்ற எழுத்து இருக்கும். தூரம் அதன்மேற் கட்டணம் விதிக்கும்.

செலவு மிகும் என்பர் சிலர். 2018 இல் கனடாவில் 414 நோயாளரைக்கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. முப்பத்தேழரை நிமிடம் செய்த பழைய முறைக்கு, மூன்று நிமிடத்திற் செய்யும் புதிய முறை பயனிற் குறைந்ததன்று என்பது அதன் முடிபு. ஒரு பொறி நாளொன்றுக்குப் பார்க்கும் நோயாளரின் தொகையை இது பன்மடங்காக்க வல்லது. பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்று இதனை ஒதுக்கிய காலம் அத்துடன் கழிந்தது.

எம் அணியிலிருந்தே எழும் வேறொரு மறுப்பை நாம் கூடிய மரியாதையுடன் எதிர்கொள்கின்றோம். "எம்மக்களின் துயரம் அரசியலால் வந்தது. காணியைக் கொடு, காணாமல் ஆக்கப்பட்டோர் எங்கே எனச் சொல், காந்தம் எதற்கு?" என்பர். 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கிய தாய்மாரின் கண்ணீரை நோயென்று பெயரிட எவர் முனைந்தாலும் முதலில் எதிர்ப்போர் நாமே. அக்கண்ணீர் கேட்பது நீதி. அதற்கு எந்தப் பொறியும் விடையாகாது. ஆயின் நீதி வரும்வரை நோயுற்றவர் மருந்தின்றிக் கிடக்கவேண்டும் என்பது எந்த நீதி? காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் கொடுத்தமையால் போரின் குற்றம் மறைந்துவிட்டதா? நோய் தீர்ந்தவரே தவணைக்கு வருவார். தன் உரிமையைத் தன் வாயாற் கேட்பார்.

சட்டம் மாறினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1873 இல் ஆங்கிலேயர் இயற்றிய மனநோய்ச் சட்டம் நோயாளியை எங்கே தடுத்துவைப்பது என்பதையே பெரிதும் பேசிற்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை 1998 வரை தண்டனைச் சட்டக்கோவை குற்றவாளி என்றது. அந்தப் பிரிவு அவ்வாண்டு நீக்கப்பட்டது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 ஆக உச்சத்திலிருந்தது. கொடிய கிருமிநாசினிகளைத் தடைசெய்தபின் பத்தாண்டில் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. ஆட்சியின் ஒரு கையெழுத்து அத்துணை உயிரைக் காத்தது.

ஆதலின் நாம் கேட்பவை இவை. முதலாவது, குடாநாட்டின் அரச வைத்தியசாலையொன்றில், யாழ் போதனாவிலோ தெல்லிப்பழையிலோ, இச்சிகிச்சைக்கான பிரிவு நிரந்தரமாக அமைதல் வேண்டும். இரண்டாவது, அதற்கு முன்படியான மருந்தும் உளவளத் துணையும் பிரதேச வைத்தியசாலைகளிற் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும். கீழ்ப்படி இல்லாத ஏணியின் மேற்படியால் பயனில்லை. மூன்றாவது, சிகிச்சையின் பயனும் தீங்கும் தமிழில் விளக்கப்பட்டு, நோயாளியின் இசைவு தமிழிற் பெறப்படல் வேண்டும். 1987 இல் அரசியலமைப்பு தமிழையும் அரசகரும மொழியாக்கியது அலங்காரத்துக்கன்று. நான்காவது, முப்பது நாளும் வந்துபோகப் பயணப்படியும், இழந்த கூலிக்கு ஈடும் வறியோருக்கு வழங்கப்படல் வேண்டும்.

அரசு அசையாதெனக் கைகட்டி நிற்போருக்கு 2011 ஐ நினைவூட்டுகின்றோம். தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, 27 நாள், மக்கள் அணிவகுத்து நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ நிதி திரட்டினர். புற்றுநோய்க்கு நடந்த கால்கள் மனநோய்க்கும் நடக்கும். முதலிற் கூச்சம் ஒழியவேண்டும். புற்றுநோயாளியின் வீட்டுக்குப் பழம் வாங்கிச் செல்லும் நாம், மனச்சோர்வுற்றவரின் படலையைத் தாண்டாது போவதேன்?

இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அயலில் அறையடைத்துக் கிடப்பவர் ஒருவர் இருப்பின் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். "எடுத்த மருந்து சரிவரவில்லையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன, நாளைக்கு நானும் கூட வருகிறேன், கிளினிக்குக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். அடுத்த தவணையில் அவர் பெயர் கூப்பிடப்படுகையில் அவர் எழுந்து நிற்கவேண்டும். எமது கோரிக்கையின் முடிவு அதுவே.