இரு பாஷை யந்திரங்கள்

நமது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் இரண்டு வகை யந்திரங்கள் இருக்கின்றன. சிலவற்றில் விண்டோஸ், மற்றவற்றில் லினக்ஸ். எல்லாவற்றையும் ஒரே கம்பியால் பிணைத்திருந்தோம். ஆயினும் ஒன்றில் எழுதிய கட்டுரை எதிர் வரிசைக்குப் போகவேண்டுமானால், ஒரு பையன் பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி நடந்தாக வேண்டும். கிணற்றடியில் குடியிருந்துகொண்டு தாகத்தால் தவித்த கதைதான்.

ஒரு நாள் அந்தப் பென் டிரைவ் காணாமற் போயிற்று. பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரு மாதம் எழுதிய கட்டுரைகளும் அதனுடன் போயின. அதைக் கடைசியாக வைத்திருந்த பையனை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் நாம் கடிந்துகொண்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. இரவு வீடு திரும்பியதும், நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் மாணவராவதென்று தீர்மானித்தோம்.

படித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. யந்திரங்களுக்குள் பகைமை ஒன்றுமில்லை, பாஷைதான் வேறு. விண்டோஸ் யந்திரங்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்ற பாஷையைப் பேசுகின்றன. 1980-களில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்து, பிறகு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விஸ்தரித்த பாஷை அது. யுனிக்ஸ் வம்சத்து யந்திரங்களோ, 1984-ல் ஸன் கம்பெனியார் வெளியிட்ட என்.எப்.எஸ். பாஷையில் பழகியவை.

இவ்விரண்டுக்கும் இடையே பாலம் கட்டியவர் ஒரு மாணவர். 1991-ம் வருஷக் கடைசியில், ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்துத் தேசிய சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தமது மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து யுனிக்ஸ் யந்திரத்துக் கோப்புகளை எடுக்க விரும்பினார். வழி சொல்லும் புஸ்தகம் அவரிடம் இல்லை. ஆகையால் கம்பியில் ஓடும் சம்பாஷணையை ஒட்டுக் கேட்டார். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று குறித்துக்கொண்டே போனார். பிரெஞ்சு தெரியாத ஒருவன் பிரெஞ்சுக் காபி ஹோட்டலில் உட்கார்ந்து, பக்கத்து மேஜைக்காரர் என்ன சொன்னால் என்ன பண்டம் வருகிறது என்று பார்த்தே பாஷை கற்பதற்கு இதை அவர் பிற்காலத்தில் ஒப்பிட்டார். 1992 ஜனவரியில் தமது வேலையை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். தாம் கற்றது எத்தனையோ யந்திரங்களுக்குப் பொதுவான பாஷை என்பது அவருக்குப் பின்னரே தெரிந்தது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துக்களும் வரும் சொல்லை அகராதியில் தேடி, 'ஸாம்பா' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

ஒட்டுக் கேட்டுத்தான் கற்கவேண்டுமா, பாஷையின் இலக்கணத்தைச் சொந்தக்காரர் வெளியே சொல்லக் கூடாதா என்ற கேள்வி பின்பு நியாயஸ்தலம் வரை சென்றது. 2004-ல் ஐரோப்பியக் கமிஷன், மைக்ரோஸாப்ட் கம்பெனிக்குச் சுமார் 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பிற கம்பெனிகளின் ஸர்வர்கள் விண்டோஸுடன் பேசத் தேவையான விவரங்களைத் தரவேண்டுமென்றும் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஊர்ஜிதம் செய்தது. அவ்வருஷம் டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு அந்த விவரங்கள் ஸாம்பா கோஷ்டியாருக்குக் கிடைத்தன.

இவ்வளவும் படித்த தைரியத்தில் நாமும் வேலையில் இறங்கினோம். ஒரு லினக்ஸ் யந்திரத்தில் ஸாம்பாவை அமைத்தோம். எந்த அறையைத் திறப்பது, யார் வரலாம், படிக்க மட்டுமா எழுதவும் சேர்த்தா என்று நாலைந்து வரிகள் எழுதினோம். விண்டோஸ் யந்திரத்திலிருந்து தட்டினால், கடவுச்சொல் தவறு என்றது. லினக்ஸ் கடவுச்சொல் போதாது, ஸாம்பா தனக்கென்று வேறொரு ஜாபிதா வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. அதையும் எழுதிக் கொடுத்தோம். அறை தெரிந்தது; எழுதத்தான் அனுமதி இல்லை.

பின்னால் நின்ற ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஸார், வாசற்கதவைத் திறந்துவிட்டீர்கள். உள்ளறைப் பூட்டைத் திறக்கவில்லை." உண்மைதான். ஸாம்பா அனுமதித்தாலும், அந்தக் கோப்பறைக்கு லினக்ஸ் விதித்த அனுமதியும் வேண்டும். இரண்டும் இசைந்தால்தான் எழுதலாம். அவன் சொன்னபடி செய்தோம். கட்டுரை போய்ச் சேர்ந்தது. சொன்னவன், நாம் கடிந்துகொண்ட அதே பையன்.

ஒரு பழைய யந்திரம் மட்டும் இன்னும் பிணங்கிற்று. அதற்கு எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பு ஒன்றுதான் தெரியும். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற விஷ நிரல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகப் பரவி, பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளைக்கூட ஸ்தம்பிக்கச் செய்தது. ஒரு யந்திரத்தின் சௌகரியத்துக்காக அந்த ஓட்டைக் கதவை மறுபடி திறக்க நமக்கு மனம் வரவில்லை. அதைத் தனியே விட்டோம்.

இப்போது கட்டுரைகள் பொது அறையில் இருக்கின்றன. ஆனால் பகிர்வது வேறு, பத்திரப்படுத்துவது வேறு. பொது அறையில் ஒருவன் அழித்தால் எல்லோருக்கும் அழிந்ததுதான். ஆகையால் சனிக்கிழமைதோறும் வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைக்கிறோம்.

சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. பென் டிரைவ் அகப்பட்டது. சலவையிலிருந்து திரும்பிய நமது சட்டைப் பையில், உபயோகமற்றுப் போய். மறுநாள், கடிந்துகொண்ட அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். யந்திரங்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கவாவது ஒருவர் பொறுமையுடன் உட்கார்ந்தார். பையன் பேசாதிருந்ததன் காரணத்தை நாம் கேட்கவே இல்லையே!