லாரியின் கணுக்கால்

தென்னேரி பெரிய ஏரி.

காஞ்சீபுரம் மாவட்டத்தில் உள்ள மிகப் பெரிய ஏரிகளில் அதுவும் ஒன்று. திரையன் என்ற பழைய அரசன் வெட்டிய ஏரி அது. "திரையன் ஏரி" என்ற பெயர்தான் நாளடைவில் "தென்னேரி" ஆயிற்று என்று சொல்வார்கள்.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? மண்வெட்டியும் கையுமாகக் கரை மீது நடப்பார்கள். எங்கே கசிவு, எங்கே நண்டு வளை என்று தேடுவார்கள்.

ஏரிக்கரை முழுவதும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. ஒரு சின்ன வளையில்தான் உடைப்பு ஆரம்பிக்கும். இது ஊராருக்குத் தெரியும்.

இன்று அந்த வட்டாரத்துச் சாலைகளில் இரவும் பகலும் கனமான லாரிகள் ஓடுகின்றன. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி போகிறது, எம்-சாண்டு போகிறது. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் சாமான்கள் வருகின்றன, போகின்றன.

அந்த லாரிகளிலும் ஒரு "நண்டு வளை" உண்டு. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

அது என்ன?

மாட்டு வண்டி ஒரு முனையில் திரும்புவதைப் பாருங்கள். மாடு திரும்புகிறது. அதோடு வண்டியும், அச்சும், சக்கரமும் எல்லாம் சேர்ந்து திரும்புகின்றன.

லாரி அப்படி அல்ல. அதன் முன் அச்சு திரும்பாது. அந்த அச்சின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் மட்டும் திரும்பும்.

அப்படியானால் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மூட்டு வேண்டும் அல்லவா? நம் காலுக்குக் கணுக்கால் இருப்பதுபோல!

அந்த மூட்டுக்கு "ஸ்டீரிங் நக்கிள்" என்று பெயர். பட்டறைகளில் "ஸ்டப் ஆக்சில்" என்றும் சொல்வார்கள்.

இது ஓர் எஃகுத் துண்டு. இதன் ஒரு பக்கத்தில் இரண்டு காதுகள் உண்டு. அந்தக் காதுகளையும் அச்சின் முனையையும் ஒரு தடித்த ஆணி சேர்த்துப் பிடிக்கிறது. கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி! அந்த ஆணிதான் "கிங் பின்".

மறு பக்கத்தில் நீண்ட தண்டு ஒன்று இருக்கும. அதில்தான் சக்கரம் சுழல்கிறது. டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பினால், தடிகள் இந்தத் துண்டைத் தள்ளுகின்றன. சக்கரம் திரும்புகிறது.

இது எவ்வளவு பாரம் தாங்குகிறது தெரியுமா? இரண்டு டயர் உள்ள முன் அச்சின் மீது 6 டன் வரை ஏற்றலாம் என்று முன்பு சட்டம் இருந்தது. 2018-ம் ஆண்டில் அதை 7 டன் ஆக்கினார்கள். அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு நக்கிளின் மீதும் ஏறக்குறைய மூன்றரை டன். பள்ளத்தில் விழும்போதும், பிரேக் போடும்போதும் அது இன்னும் கூடுகிறது.

சட்டத்தில் எண் மாறலாம். அதனால் பழைய வண்டியின் எஃகு பருத்துவிடாது. இதை மறக்கக் கூடாது.

எஃகு ஏன் ஒடிகிறது?

ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வளைத்தால் ஒடிகிறதா? இல்லை. முன்னும் பின்னுமாக இருபது தடவை வளையுங்கள். பட்டென்று ஒடியும். கடைசித் தடவை நீங்கள் அதிக பலம் காட்டவில்லை. முன்னே வளைத்த ஒவ்வொரு தடவையும் கம்பிக்குள் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இந்த உண்மையை உலகம் உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1842-ம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில், வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குப் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பிறகு, ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே எஞ்சினீயர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சோதனை செய்தார். ஒரே தடவையில் ஒடிக்க முடியாத சிறிய பாரம்கூட, திரும்பத் திரும்ப விழுந்தால் எஃகை ஒடித்துவிடும் என்று காட்டினார்.

லாரி நக்கிளும் இப்படித்தான். தண்டும் உடலும் சேரும் வளைவில் மயிரிழைபோல ஒரு கீறல் விழும். அதிக பாரமும், குண்டும் குழியுமான பாதையும் அதை வளர்க்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஒடியும்.

எஞ்சின் நின்றால் லாரி ஓரமாக நிற்கும். நக்கிள் ஒடிந்தால் சக்கரமே கழன்றுவிடும். டிரைவர் கையில் ஸ்டீரிங் இருக்கும்; ஆனால் லாரி அவர் சொன்னபடி கேட்காது. எதிரே வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேனாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு குடும்பமாக இருக்கலாம்.

ஒட்டுப் போடலாமா?

சக்கரத்தின் பேரிங்கில் கிரீஸ் வற்றிப்போனால் பேரிங் இறுகிவிடும். அப்போது அது நக்கிளின் தண்டோடு உராய்ந்து தேய்க்கும். தண்டு சூட்டில் நீலம் பாய்ந்துவிடும்.

அந்த நேரத்தில் சிலர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "வெல்டிங் வைத்து மேடாக்கி, கடைசல் பிடித்துவிடலாம். புதுசு எதற்கு?"

இது கூடாது. ஏன்?

கொல்லர் அரிவாள் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சுகிறார், அடிக்கிறார், பதம் பார்த்துத் தண்ணீரில் தோய்க்கிறார். பதம் தவறினால் அரிவாள் மழுங்கும், அல்லது உடையும். நக்கிளும் சாதாரணமாக அப்படிச் செய்வதுதான். எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து, ராட்சத இயந்திரத்தால் அடித்து, பிறகு பதம் ஏற்றுகிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியிலும் இப்படி மோட்டார் சாமான்களை அடித்துச் செய்யும் ஆலை இருக்கிறது.

வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் எஃகு முறுகிப்போகும். புதிய கீறல் அங்கேதான் பிறக்கும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். உள்ளே ஆபத்து இருக்கும்.

பழைய சாமான் வாங்கிப் போடலாமா? கதவு வாங்கலாம். சீட்டு வாங்கலாம். நக்கிள் வாங்கக் கூடாது. அது எந்த வண்டியில் இருந்தது, எத்தனை டன் சுமந்தது, எந்த விபத்தில் அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது.

சோதிப்பது எப்படி?

முதலில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியால் முன் அச்சைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின் அடியில் உறுதியான முட்டு கொடுங்கள்.

டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? இப்போது இன்னொருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கர பேரிங்கில். அப்போதும் ஆடினால் கோளாறு கிங் பின்னில்.

முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? ஸ்டீரிங் கனக்கிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? இவையும் எச்சரிக்கைகள்.

கழற்றிய நக்கிளில் கீறல் பார்க்கப் பட்டறைக்காரர்கள் ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெயில் ஊற வைப்பார்கள். மறுபடி ஈரமில்லாமல் துடைத்துச் சுண்ணாம்புத் தூள் பூசுவார்கள். கீறல் இருந்தால், உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடு போடும். பெரிய பட்டறைகளில் இதைவிட நுட்பமாகக் காந்தச் சோதனை செய்கிறார்கள்.

கோடு தெரிந்தால் வேறு பேச்சு வேண்டாம். மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது நினைவில் வைக்க வேண்டியவை இவை: இடது பக்கத்து நக்கிள் வேறு, வலது பக்கத்து நக்கிள் வேறு. சாமான் எண்ணைச் சரி பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். கிங் பின்னையும் புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். கழற்றிய பூட்டு ஊசியைத் திரும்ப மாட்டாதீர்கள். வேலை முடிந்ததும் முன் சக்கரங்களின் நேர் பாருங்கள். அப்புறம் கிரீஸ், கிரீஸ், கிரீஸ்!

யார் சொல்வது?

இவ்வளவும் பல டிரைவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வண்டி ஓடுகிறது?

இங்கேதான் வயிற்றுப் பிரச்சினை வருகிறது.

டிப்பர் லாரி டிரைவர் பலருக்கு நடைக் கணக்கில் கூலி. வண்டி பட்டறையில் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. "முன் சக்கரம் ஆடுகிறது" என்று அவர் சொன்னால், முதலில் நஷ்டம் அவருக்கே! வாயை மூடிக்கொண்டு ஓட்டினால் மாலையில் வீட்டுக்கு அரிசி வரும்.

முதலாளியும் எல்லாரும் பெரிய பணக்காரர் அல்ல. ஒரே ஒரு லாரி வைத்துக்கொண்டு, மாதத் தவணை கட்டத் திண்டாடுகிறவர்கள் எத்தனையோ பேர். "இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் நமக்குப் புரிகிறது. ஆனால் கீறலுக்குத் தவணைத் தேதி தெரியாது.

சர்க்கார் சோதனை இல்லையா? இருக்கிறது. லாரிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு முறையும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே ஓராண்டு கிடக்கிறதே! அந்த நாட்களில் யார் பார்ப்பது?

தென்னேரிக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூர் இதற்கு விடை சொல்கிறது.

அங்கே பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் பெயர் எடுத்து வாரியங்கள் அமைத்த முறையை அவை சொல்கின்றன. அவற்றில் ஒன்று "ஏரி வாரியம்". ஏரியைப் பார்த்துக்கொள்வது 6 பேர் பொறுப்பு.

"எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று அவர்கள் விடவில்லை. எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே பெயர் குறித்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

லாரிக்கும் அதையே செய்யலாம். நாம் சொல்வது இரண்டே காரியம்.

ஒன்று: ஒவ்வொரு லாரியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கிரீஸ் அடித்த தேதி, முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்த தேதி, கண்ட குறை ஆகியவற்றை டிரைவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பார்த்தேன் என்று முதலாளியும் கையெழுத்துப் போடட்டும். எழுதி வைத்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு: முன் சக்கரக் கோளாறுக்காக வண்டி நிற்கும் நாளில் டிரைவருக்கும் கிளீனருக்கும் அன்றையக் கூலியைக் கொடுங்கள். உண்மையைச் சொன்னவன் பட்டினி கிடந்தால், அடுத்த முறை உண்மை சொல்ல மாட்டான். கூலி கொடுத்தால் லாரிக்கு இலவசமாக ஒரு காவல்காரர் கிடைப்பார்.

குடும்பப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறாரா? சாப்பாடு பரிமாறும்போது கேளுங்கள்: "முன் சக்கரம் பார்த்தீர்களா? ஆட்டம் இல்லையே?" நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

கரையில் நண்டு வளையைக் கண்டவன் நாளைக்கு அடைக்கலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. கையில் மண்வெட்டி இருக்கும்போதே அடைக்கிறான்.

லாரிக்காரர்களே, உங்கள் வண்டி பட்டறையில் நிற்கும்போதே அதன் கணுக்காலைப் பாருங்கள்.