கோயிலுக்குள் வந்த குத்துவிளக்கு

மாங்காடு என்றதும் காமாட்சி அம்மனும் கூடவே விளக்கும் நினைவுக்கு வரும். அதே குத்துவிளக்கு கத்தோலிக்கக் கோயில்களிலும் பீடத்தருகே நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா?

முன்பெல்லாம் பீடம் சுவரையொட்டி இருக்கும். அதற்கு முன்னே ஒரு கிராதி. குருவானவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டியபடி லத்தீனில் பூசை வைப்பார். பாஷை புரியாத பாட்டிமார்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள்! ரோமாபுரியில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்டது. அதன் பிறகு பீடம் சுவரை விட்டு முன்னே வந்தது. குருவானவர் ஜனங்களைப் பார்த்து நின்றார். பூசையில் தமிழ் ஒலித்தது.

இந்திய ஆயர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் கேட்ட பன்னிரண்டு மாறுதல்களுக்கு 1969 ஏப்ரலில் ரோமாபுரி சம்மதித்தது. மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், ஆரத்தி எல்லாம் அவற்றில் அடக்கம்.

"இதெல்லாம் இந்துக்கள் வழக்கமாயிற்றே!" என்று கத்தோலிக்கரிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டில் ஒரு பழக்கத்தை மாற்றினாலே சச்சரவு வருகிறது, கோயிலில் வராதா?

ஆனாலும் விளக்கு நிலைத்துவிட்டது. கல்யாணச் சீரோடு வருகிற பொருளாயிற்றே! புளி போட்டுத் துலக்கி, எண்ணெய் விட்டு, திரி தூண்டத் தெரிந்த பெண்களுக்கு, லத்தீன் தராத உரிமையை அது தந்துவிட்டது அல்லவா?