மாங்கல்யம் காக்கும் பல் தூய்மை

மீனாட்சியம்மைக்குத் திருமாங்கல்யம் செய்த ஊராதலின் திருமங்கலம் எனப் பெயர் வந்ததென்பர். அங்கு மாங்கல்யம் நிலைக்க வேண்டும் அன்னையரின் கணவருள் இதய வால்வு மாற்றப்பெற்றோரும் இருக்கலாம். நம் நாட்டுச் சித்ரா வால்வு 1990 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் முதன்முதல் பொருத்தப்பட்டது.

செயற்கை வால்விலும், இளமையில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் பழுதுற்ற வால்விலும், வாயிலுள்ள கிருமிகள் ஈறு வழியே இரத்தத்திற் கலந்து தங்கிப் பெருகக்கூடும்; உயிருக்கே கேடாகும்.

ஆகவே பல் பிடுங்குமுன் வால்வின் நிலையை மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். தேவையெனில் அவர் முன்னதாகவே கிருமிநாசினி மருந்து தருவார். காய்ச்சல் நீடித்தால் தாமே அம்மருந்தை வாங்கி உண்ணலாகாது. இரத்தப் பரிசோதனையில் கிருமி புலப்படாது போகும். முதலில் இதய மருத்துவரை நாடுக.

நாள்தோறும் பல்லும் ஈறும் பேணுதலும் அன்னையர் நேர்ந்த நோன்பின் ஓர் அங்கமே.